நாற்காலியின் அடிப்பக்கம்

பழைய இத்தாலிய நாற்காலியோ விளக்கோ வாங்க நினைக்கிறேன், எப்படிப் பார்ப்பது என்று நண்பர்கள் கேட்டால், முதலில் கவிழ்த்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். முன்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம். பாலிஷ் ஏற்றி, புதுத் துணி தைத்து, ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தால் எந்தப் பொருளும் 1955ஆம் ஆண்டுப் பொருளாகிவிடும். அடிப்பக்கத்துக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. உட்காரும் சட்டத்துக்குக் கீழே மரம் எந்த நிறத்தில் இருக்கிறது, ஸ்க்ரூவின் தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா, மூட்டில் பசை எங்கே வழிந்து காய்ந்திருக்கிறது, காலின் நுனி எத்தனை காலம் தரையில் உரசியிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். செய்தவன் கை தெரிவதும் அங்கேதான்.

வேலைக்காக மிலானுக்கு வந்து குடியேறிய வீட்டில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு சுவர் விளக்கு இருந்தது. பித்தளைக் கை, அதன் நுனியில் சிவப்பு எனாமல் பூசிய அலுமினியக் கூம்பு. எந்த நிறுவனத்தின் முத்திரையும் அதில் இல்லை. ஆனால் கையை எந்தக் கோணத்தில் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும். அறுபது ஆண்டுக்கு மேல் ஆன ஒரு மூட்டு தளராமல் நிற்கிறதே, இதை யார் செய்தார்கள், எதற்காக இவ்வளவு அக்கறையோடு செய்தார்கள் என்ற கேள்வியில்தான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. இன்றைக்கு வீட்டில் நாற்காலி கொஞ்சம், விளக்கு நிறைய. சின்ன வீட்டில் சேகரிப்பவனுக்கு விளக்குதான் கைகொடுக்கும். சுவரில் ஏற்றிவிடலாமே.

இந்தப் பொருள்களின் காலத்தைப் புரிந்துகொள்ளாமல் அழகை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். 1943 ஆகஸ்டில் மிலான் மீது விழுந்த குண்டுகள் லா ஸ்காலா அரங்கின் கூரையையே பெயர்த்துப் போட்டன. போர் முடிந்தபோது நகரத்தில் வீட்டுக்குப் பெரும் பஞ்சம். 1947இல் நடந்த எட்டாவது திரியென்னாலே (மிலானின் பெரிய வடிவமைப்புக் கண்காட்சி) முழுக்க முழுக்கக் குடியிருப்பைப் பற்றியதாகவே இருந்தது. கட்டடக் கலைஞர் பியேரோ பொத்தோனி தலைமையில் அந்தக் கண்காட்சியை ஒட்டியே க்யூடி8 என்ற குடியிருப்புப் பகுதியைக் கட்டத் தொடங்கினார்கள். 1949இல் வந்த இனா-காசா என்ற அரசுத் திட்டம் 14 ஆண்டுகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,55,000 வீடுகளைக் கட்டியது. எல்லாம் சின்ன வீடுகள். பாட்டன் காலத்துக் கனத்த வால்நட் அலமாரி அவற்றின் வாசற்படியையே தாண்டாது. ஆக, ஒரு கையால் தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலி தேவைப்பட்டது. மேசைமேல் இடம் பிடிக்காத சுவர் விளக்கு தேவைப்பட்டது. தரையிலிருந்து கூரைவரை கம்பத்தில் நிற்கும் புத்தக அலமாரி தேவைப்பட்டது. இன்று கலைக்கூடங்களில் சின்ன மேடை போட்டு வைத்திருக்கும் பல பொருள்கள் இட நெருக்கடிக்குப் பிறந்த பிள்ளைகள்.

அவற்றை வரைந்தவர்கள் பெரும்பாலும் கட்டடக் கலைஞர்கள். ஜியோ போந்தி, ஃபிராங்கோ அல்பீனி, மார்கோ ஸானூசோ, காஸ்தில்யோனி சகோதரர்கள், வீகோ மஜிஸ்த்ரெத்தி எல்லோருமே மிலான் பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை படித்து வந்தவர்கள். செய்து கொடுத்தவர்கள் மிலானுக்கு வடக்கே பிரியான்சா வட்டாரத்துத் தச்சர்கள். காந்தூ, மேதா, லிஸ்ஸோனே என்று ஊர் ஊராகக் குடும்பப் பட்டறைகள். ஒரு வீட்டில் சட்டம் அடிப்பார்கள், அடுத்த வீட்டில் வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டுவார்கள், மூன்றாவது வீட்டில் பாலிஷ், நான்காவது வீட்டில் மெத்தை தைப்பது. காசினா என்ற பெரிய மரச்சாமான் நிறுவனமே 1927இல் மேதாவில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய பட்டறைதான். கலைஞர் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வருவார், தச்சர் அதைப் பார்த்து இந்த இடத்தில் மரம் பிளக்கும் என்பார், கோடு மாறும். இந்தப் பேச்சுவார்த்தையில்தான் இத்தாலிய நாற்காலி உருவானது என்பது என் எண்ணம். வரைந்தவர் பெயர் நிலைத்தது, மாற்றச் சொன்னவர் பெயர் நிலைக்கவில்லை.

இதற்குச் சூப்பர்லெஜ்ஜேரா என்ற நாற்காலியைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. லிகூரியக் கடற்கரையில் கியாவரி என்று ஓர் ஊர். 1807இல் அங்கே ஜியூசெப்பே கயெத்தானோ தெஸ்கால்சி என்ற தச்சர், பாரிஸிலிருந்து வந்த கனத்த நாற்காலி ஒன்றைப் பார்த்துவிட்டு அதை மெலிதாக்கி ஒன்று செய்தார். ஊரே அந்தத் தொழிலைப் பற்றிக்கொண்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஜியோ போந்தி அந்தக் கியாவரி நாற்காலியைக் கையில் எடுத்து, இன்னும் எதைக் கழிக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் காசினாவோடு உட்கார்ந்து பார்த்தார். 1952இல் லெஜ்ஜேரா வந்தது. அதிலிருந்து மேலும் கழித்து 1957இல் சூப்பர்லெஜ்ஜேரா. எடை 1.7 கிலோ. அவ்வளவுதான். விளம்பரப் படத்தில் ஒரு சிறுவன் ஒரே விரலில் அதைத் தூக்கி நிற்பான். மாடியிலிருந்து தூக்கிப் போட்டும் உடையாமல் துள்ளியது என்று அதைப் பற்றிச் சொல்லாத வியாபாரி மிலானில் கிடையாது.

அருகில் உட்கார்ந்து பாருங்கள். ஆஷ் மரம். காலின் குறுக்குவெட்டு முக்கோணம், 18 மில்லிமீட்டர்தான். விரலால் தடவினால் விளிம்பு தெரியும். முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் கூர் விளிம்பு மட்டும் கண்ணில் படுவதால் கால் இன்னும் மெலிதாகத் தோன்றும். முதுகுச்சட்டம் நடுவழியில் லேசாகப் பின்னால் வளைந்து சாய்கிறது. கால்களை இணைக்கும் குறுக்குக் கம்புகள் கழுந்தாகச் செதுக்கப்பட்டுத் துளைக்குள் போய் இறங்குகின்றன. இவ்வளவு மெல்லிய காலில் துளை போட்டால் மிச்சம் இருக்கும் மரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அதற்குள் கழுந்து ஆடாமல் நிற்க வேண்டும், ஆள் உட்கார வேண்டும், உட்கார்ந்தவர் பின்னால் சாயவும் செய்வார். இருக்கை மெல்லிய பிரம்புப் பின்னல். பழைய நாற்காலி வாங்கும்போது பின்னலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பின்னலை மாற்றிக்கொள்ளலாம். கழுந்து இறங்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே மயிரிழை விரிசலோ, யாரோ உள்ளே அடித்த ஆணியோ இருந்தால் விட்டுவிடுங்கள். ஆணி அடித்தவர் அந்த நாற்காலியைச் சரிசெய்யவில்லை, முடித்துவிட்டார்.

கியாவரியில் பெயர் தெரியாத பட்டறைகள் 1950களில் செய்த நாற்காலிகளும் சந்தைக்கு வருகின்றன. போந்தியின் கை படாதவை, ஆனால் போந்திக்குப் பாடம் சொன்ன கைகள் செய்தவை. விலை காசினா நாற்காலியின் பக்கத்தில்கூட வராது. முதலில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

மெத்தை வைத்த இருக்கைகளின் கதை வேறு. அங்கே தச்சரைவிட ரப்பர் கம்பெனி பெரிய ஆள். பிரெல்லி நிறுவனம் ரப்பர் ஃபோமையும் மீள்தன்மை கொண்ட ரப்பர் பட்டைகளையும் வைத்துக்கொண்டு, வேறு எதற்கெல்லாம் ஆகும் என்று தேடியதில் பிறந்தது ஆர்ஃப்ளெக்ஸ் என்ற நிறுவனம். ஸானூசோ அந்த ரப்பரை வைத்து 1951இல் செய்த லேடி சாய்வு நாற்காலி அந்த ஆண்டுத் திரியென்னாலேயில் தங்கப் பதக்கம் வாங்கியது. இருக்கை, முதுகு, இரண்டு கைகள் என்று ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து, தனியாக மெத்தை போர்த்தி, கடைசியில் கார் தொழிற்சாலையில் பூட்டுவதுபோலப் பூட்டினார்கள். அதுவரை ஸ்பிரிங்கும் குதிரைமுடியும் வைத்து ஒரே ஆள் நாள்கணக்கில் கட்டிய வேலை அது.

ஆனால் ரப்பருக்கு வயதாகும். பழைய ஃபோம் முதலில் கெட்டிப்படும், பிறகு பொடியாக உதிரும். சோபாவைத் தட்டினால் கீழே மஞ்சள் தூள் கொட்டினால் விஷயம் அதுதான். பட்டைகள் இழுவிசை போய்த் தொங்கிவிடும். இதற்காக நல்ல சட்டத்தை ஒதுக்கத் தேவையில்லை, உள்ளே மாற்றிக்கொள்ளலாம். துணி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். முதல் துணி கிழியாமல் இருந்தால் அதை உரிக்கக் கூடாது. கறை இருக்கட்டும், வெளுத்திருக்கட்டும். இப்போது எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பூக்ளே (சுருள் நூல்) துணி போர்த்திய 1950கள் சோபாக்கள். அவற்றைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் கடுகு மஞ்சளும் பாசிப் பச்சையும் செங்கல் சிவப்பும் எங்கே போயின? அந்தத் தலைமுறை நிறத்துக்குப் பயந்ததே இல்லை.

சரி, விளக்குக்கு வருகிறேன். என் மனம் இருப்பது அங்கேதான்.

ஜீனோ சர்ஃபாத்தி வெனிஸில் 1912இல் பிறந்தவர். ஜெனோவாவில் விமானப் பொறியியல் படிக்கப் போனவர், குடும்பத் தொழில் நொடித்ததால் மிலானுக்குப் பிழைக்க வந்தார். நண்பர் ஒருவர் கண்ணாடி ஜாடியை விளக்காக்கித் தரச் சொன்னதில் ஆரம்பித்தது அவருடைய விளக்கு வாழ்க்கை. 1939இல் ஆர்தெலூச்சே நிறுவனத்தைத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் அதை ஃப்ளோஸ் என்ற விளக்கு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கும்வரை 600க்கும் மேற்பட்ட விளக்குகளை வடிவமைத்தார். அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, எண்தான். பொறியாளர் புத்தி. 1958ஆம் ஆண்டின் 2097 என்ற சரவிளக்கைப் பாருங்கள். பழைய அரண்மனைச் சரவிளக்கின் உருவம் அப்படியே இருக்கிறது: நடுத்தண்டு, சுற்றிலும் கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பல்பு. ஆனால் தொங்கும் படிகம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் ஒயர்கள். நடுத்தண்டிலிருந்து ஒவ்வொரு பல்புக்கும் போகும் ஒயரை ஒளிக்காமல், தளர்வாக வளைத்துத் தொங்கவிட்டிருக்கிறார். மற்றவர்கள் குழாய்க்குள் திணித்து மறைப்பதை அவர் அலங்காரமாக்கினார். 1966ஆம் ஆண்டின் 600 என்ற மேசை விளக்குக்கு அடிப்பீடமே கிடையாது. ஈயக் குண்டுகள் நிரப்பிய தோல்பைதான் அடி. எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் நிற்கும்.

சர்ஃபாத்தி ஒரு துருவம் என்றால், மோன்சாவில் அர்ரெதொலூச்சே என்ற விளக்கு நிறுவனத்தை நடத்திய ஆஞ்ஜெலோ லெலி இன்னொரு துருவம். பித்தளையை அவரைப்போல இழைத்தவர்கள் குறைவு. மிலானில் ப்ரூனோ காத்தா 1946இல் தொடங்கிய ஸ்டில்னோவோ வேறொரு வழியில் போனது. எனாமல் நிறங்கள், பால்போன்ற மங்கிய கண்ணாடி, மெல்லிய பித்தளைத் தண்டு, நடுத்தர வர்க்க வீட்டுக்குள் நுழையக்கூடிய அளவு. ஃபொந்தானா ஆர்த்தே இவர்களுக்கெல்லாம் மூத்தது, 1932இல் லூயிஜி ஃபொந்தானாவும் போந்தியும் தொடங்கியது. அவர்களுக்குக் கனத்த கண்ணாடிதான் எல்லாம். அந்தக் கண்ணாடியின் வெட்டு விளிம்பில் பச்சையாக ஓடும் ஒளியை நேரில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுச் சுவர் விளக்கை ஒருநாள் முழுசாகப் பிரித்தேன். வெளியே இருக்கும் கூம்பின் உட்புறம் வெள்ளை. பூச்சு வெப்பத்தில் லேசாகப் பழுத்து, பல்புக்கு நேரே தந்த நிறமாகியிருந்தது. ஹோல்டர் பேக்லைட், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். அதைக் கழற்றியதும் பித்தளைக் கைக்குள்ளிருந்து துணி சுற்றிய ஒயர் வந்தது. மேலே நூல் பின்னல் நன்றாகவே இருந்தது, உள்ளே ரப்பர் உறை மட்டும் ஓடாகி, வளைத்த இடத்தில் உடைந்து விழுந்தது. செம்பு வெளியே தெரிந்தது. மூட்டைப் பிரித்தபோதுதான் அது தளராத ரகசியம் தெரிந்தது. இரண்டு பித்தளைக் கிண்ணங்களுக்கு நடுவே ஒரு சின்ன வளைந்த எஃகு வாஷர். அது எப்போதும் இரண்டையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது, வெளியே இருக்கும் காது வைத்த திருகை விரலால் அரைச்சுற்று இறுக்கினால் போதும். அந்தத் திருகின் காதைக்கூட யாரோ அரத்தால் ராவி மழுங்க வைத்திருக்கிறார்கள், விரலை அறுக்காமல் இருக்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு தொழிலாளி, யார் வீட்டுக்குப் போகும் என்று தெரியாத ஒரு விளக்கில், யாரோ ஒருவருடைய விரலைப் பற்றி யோசித்திருக்கிறார்.

ஒயரை மாற்றாமல் பழைய விளக்கை எரிய விடவே கூடாது. இதில் சமரசம் கிடையாது. துணி மேலே நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், உள்ளே ரப்பர் செத்திருக்கும். உலோக உடம்புள்ள விளக்கில் செத்த ரப்பர் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துணி சுற்றிய புது ஒயர் எல்லா நிறத்திலும் கிடைக்கிறது. பழைய இத்தாலிய பிளக்கையும் பத்திரமாக வையுங்கள், அது ஒரு சரித்திரம். இத்தாலி வீடுகளில் ஒரு காலத்தில் விளக்குக்கு ஒரு மின்கட்டணம், மற்ற சாதனங்களுக்கு வேறு கட்டணம். அதனால் தனித்தனி மீட்டர், தனித்தனி ஒயர். ஒன்றின் பிளக் மற்றதன் ஓட்டையில் நுழையக் கூடாதென்று 10 ஆம்பியருக்கு ஒரு அளவு, 16 ஆம்பியருக்கு வேறு அளவு வைத்தார்கள். அந்தக் கட்டண முறை போய்விட்டது, இரண்டு அளவு பிளக்கும் இன்றுவரை எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. இந்தியாவுக்கு விளக்கைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான். ஹோல்டரும் திருகு வகை, அந்தப் பல்பு சென்னையிலும் கிடைக்கும். சூடு குறைவான எல்இடி பல்பு போட்டால் பழைய எனாமலுக்கும் ஆயுள் கூடும். வெளிச்சம் மஞ்சளாக இருக்கட்டும், தயவுசெய்து.

பித்தளையைத் தேய்க்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நம் வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுப் பளபளக்க வைத்த கைகளுக்கு மங்கிய பித்தளையைக் கண்டால் பொறுக்காது, எனக்கும் அந்தக் கை உண்டு. ஆனால் இந்த விளக்குகளில் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே மெல்லிய வார்னிஷ் பூசியிருப்பார்கள். தேய்த்தால் அது திட்டுத் திட்டாகப் போய்விடும். அதன் பிறகு அந்த விளக்கு பழையதாகவும் இருக்காது, புதிதாகவும் இருக்காது.

ஆர்கோ என்ற விளக்கைச் சொல்லாமல் போக முடியாது. 1962இல் அக்கில்லே காஸ்தில்யோனியும் அண்ணன் பியெர் ஜாகோமோவும் ஃப்ளோஸுக்காகச் செய்தது. கூரையில் துளை போடாமல் சாப்பாட்டு மேசைக்கு மேலே விளக்கைத் தொங்கவிட வேண்டும், மேசையைச் சுற்றிப் பரிமாற ஆள் நடக்கவும் வேண்டும். தெருவிளக்கைப் பார்த்து வந்த யோசனை. எஃகு வளைவு இரண்டு மீட்டர் தூரம் எட்டிப் போகிறது. அது கவிழாமல் இருக்கக் கர்ராரா பளிங்கில் சுமார் 65 கிலோ கல். அந்தக் கல்லில் ஒரு ஓட்டை. துடைப்பக் கம்பை அதற்குள் நுழைத்து இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்தால் தூக்கி நகர்த்தலாம். கல்லின் முனைகளை வெட்டி மழுக்கியிருப்பதும் அழகுக்காக இல்லை, போகிற வருகிறவர்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான். மிலானில் பியாத்சா காஸ்தெல்லோ 27ஆம் எண்ணில் இருந்த அக்கில்லேவின் பட்டறையை அவருக்குப் பிறகு அப்படியே வைத்திருந்து, பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். தெருவில் பொறுக்கிய பொருள், கடையில் வாங்கிய சில்லறைச் சாமான் என்று அவர் சேர்த்து வைத்ததெல்லாம் அங்கே அலமாரிகளில் இருந்தன.

உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் விளக்குகளில் ஆர்கோவும் ஒன்று. சீனாவிலிருந்து வந்த அதேபோன்ற விளக்கை இத்தாலியில் விற்ற கம்பெனிமேல் ஃப்ளோஸ் தொடுத்த வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது. 2011 ஜனவரியில் அங்கே தீர்ப்பு வந்தது, அடுத்த ஆண்டு மிலான் நீதிமன்றம் ஃப்ளோஸ் பக்கம் முடித்து வைத்தது. பயன்பாட்டுப் பொருளுக்கும் கலைப்படைப்பின் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு என்பது அதில் நிலைநாட்டப்பட்டது. சேகரிப்பவர்களுக்கு இதைவிடத் தொந்தரவு தருபவை இன்னொரு வகைப் போலிகள். தரையில் நிற்கும் லெலியின் மூன்று கை விளக்கைப் போலப் புதிதாகச் செய்து, அமிலத்தில் முக்கிப் பழுப்பேற்றி, 1950கள் என்று விற்கிறார்கள். பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். கை படும் இடம் பளிச்சென்றும், கை படாத மூலை கறுத்தும் இருப்பதுதான் இயல்பு.

விற்பனைப் பக்கங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பித்தளையும் நிற எனாமலும் சேர்ந்து எது வந்தாலும் ஸ்டில்னோவோ. கண்ணாடி கனமாக இருந்தால் ஃபொந்தானா ஆர்த்தே. கால் கீழே போகப்போக மெலிந்தால் போந்தி அல்லது வடிவமைப்பாளர் ஈகோ பரீஸி. 'கருதப்படுகிறது', 'பாணியில்' என்ற சொற்களைச் சின்ன எழுத்தில் போட்டு, பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பெயருக்கு என்ன விலை கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டடக் கலைஞர் கார்லோ மொல்லீனோ 1949இல் தூரின் நகர வீடு ஒன்றுக்காக வடிவமைத்த ஓக் மேசை 2005இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 38 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த மேசைக்கு அந்த மதிப்பு உண்டா என்றால், உண்டு என்றே சொல்வேன். எலும்பைப்போல் செதுக்கிய மரம் அது. ஆனால் அந்த விலையின் நிழல் மற்ற எல்லாப் பொருள்மேலும் விழுகிறது. பெயர் ஒட்டாத பொருளுக்கு யாராவது ஒரு பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அதன் உண்மையான ஊரும் பட்டறையும் அதோடு அழிந்துபோகின்றன. காந்தூவில் ஒரு குடும்பம் செய்த நல்ல மேசை, யாரோ ஒரு பெரிய மனிதரின் சுமாரான மேசையாக மாறுகிறது. அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம் இது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

வாங்குவதற்கு மிலானில் நவில்யோ கிராந்தே கால்வாய்க்கரைச் சந்தை இருக்கிறது, மாதத்தின் கடைசி ஞாயிறு. தொஸ்கானாவில் அரெட்சோ, மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும். 1968இலிருந்து நடக்கிறது, பழைய ஊரின் தெருக்கள் முழுக்கக் கடை. பார்மாவில் ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய சந்தை. வியாபாரிகளே ஒருவரிடம் ஒருவர் வாங்க வருவது அங்கேதான். அதிகாலையில் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்ல விளக்குகளுக்கு அது சரிதான். நாற்காலிகளுக்கு நான் மத்தியானத்துக்கு மேல் போவேன். கனமான சாமானை மறுபடி வண்டியில் ஏற்றும் எண்ணமே வியாபாரியைச் சோர்வாக்கும் நேரம் அது.

நவில்யோவில் ஒரு பெரியவரிடம் அடிக்கடி வாங்குவேன். அவருடைய அப்பா லிஸ்ஸோனேயில் தச்சராக இருந்தவராம். ஒருமுறை நான் ஒரு நாற்காலியின் விலையைக் கேட்டதும், "முதல்ல உட்காருங்க. விலை பிறகு" என்றார். உட்கார்ந்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க. நாற்காலி நல்லதா இல்லையான்னு முதுகுக்கு உடனே தெரியாது" என்றார். பக்கத்துக் கடைக்காரரோடு பேசப் போய்விட்டார். திரும்பி வந்து நான் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார். அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை.

மரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் மண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1960களின் இத்தாலிய அலமாரிகளில் பலவற்றுக்கு மேலே கருஞ்சிவப்பு வெனீர் ஒட்டியிருக்கும். இத்தாலியர்கள் அதைப் பலிஸ்ஸாந்த்ரோ என்பார்கள். அந்த ஒரே பெயருக்குள் பிரேசில் மரமும் இருக்கும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் இருக்கும். ஊதா கலந்த பழுப்பாக, ரேகை அமைதியாக ஓடினால் பெரும்பாலும் ஈட்டி. செம்பழுப்பில் கறுப்புக் கோடுகள் மைபோல் பாய்ந்து கிடந்தால் பிரேசில். வேறுபாடு தெரிந்திருப்பது ரசனைக்கு மட்டும் இல்லை. பிரேசில் மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 1947 மார்ச்சுக்கு முன் செய்து முடித்த பொருள் தவிர, மற்றதை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கவே சான்றிதழ் வேண்டும். நாம் பேசும் காலத்துப் பொருள் எல்லாம் அந்தத் தேதிக்குப் பின்னால் வந்தவை. ஈட்டி 2017 ஜனவரி முதல் இரண்டாம் பட்டியலில், நாடு தாண்டும்போது காகிதம் கேட்பார்கள்.

இத்தாலியிலிருந்து வெளியே எடுத்துப் போகவும் சட்டம் உண்டு. செய்தவர் இறந்து, பொருளுக்கு 70 ஆண்டு தாண்டியிருந்தால் கலாச்சார அமைச்சகத்தின் ஏற்றுமதி அலுவலகத்தின் பார்வைக்குள் வந்துவிடும். 2017வரை இந்த வரம்பு 50 ஆண்டாக இருந்தது. மதிப்பு 13,500 யூரோவுக்குள் என்றால் நாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும், அதற்கு மேல் என்றால் அனுமதி. இந்தியச் சுங்கத்தில் இன்னொரு கணக்கு. நூறு ஆண்டு தாண்டினால்தான் பழம்பொருள் என்ற வகையில் சேரும். ஆக 1955ஆம் ஆண்டு நாற்காலி, கிளம்பும் ஊரில் பாரம்பரியச் சொத்து, சேரும் ஊரில் வெறும் பழைய நாற்காலி. கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வாங்கும்போதே விற்றவரிடம் மரத்தின் பெயரையும் தோராயமான ஆண்டையும் ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் அலைந்து பயனில்லை.

இப்போதும் தயாரிப்பில் இருக்கும் பொருளைப் புதிதாக வாங்கலாமே, பழையது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சூப்பர்லெஜ்ஜேராவைக் காசினா இன்றும் செய்கிறது. ஆர்கோவும் 2097உம் ஃப்ளோஸின் விற்பனைப் பட்டியலில் இன்னும் இருக்கின்றன. என் பதில் பொருளுக்குப் பொருள் மாறும். ஆர்கோவைப் புதிதாகவே வாங்குங்கள். அதே கல், அதே வளைவு, ஒயர் பத்திரமானது. சூப்பர்லெஜ்ஜேராவிலும் புதியது சளைத்ததில்லை, முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். அந்த வேலை தெரிந்த கைகளுக்கு அதனால் வேலை கிடைக்கிறது. ஆனால் முத்திரையில்லாத சுவர் விளக்கு, பெயரில்லாத கியாவரி நாற்காலி, பிரியான்சாவின் ஒற்றைப் பட்டறை மேசை, இவற்றுக்கு மறுபதிப்பு என்ற ஒன்றே வராது. அவற்றைச் செய்த பட்டறைகளில் பல மூடிவிட்டன. அந்தப் பொருள்களில் எது குப்பைக்குப் போகாமல் நம் கைக்கு வருகிறதோ அதுதான் மிச்சம்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். விளக்கிலிருந்து எடுத்த பழைய ஒயர், உடைந்த ஹோல்டர், பிளக், மாற்றிய வாஷர் எதையும் எறிவதில்லை. ஒரு துணிப்பையில் போட்டு, எதை எப்போது மாற்றினேன், எந்த ஊரில் யாரிடமிருந்து வந்ததாகச் சொன்னார்கள், எது எனக்கு நிச்சயம், எது வெறும் கேள்வி என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். சில விளக்குகளைக் கொடுத்துவிட்டேன், இன்னும் சிலவற்றைக் கொடுப்பேன். வாங்குகிறவர்களில் சிலர் பையைப் பார்த்து இது எதற்கு என்று கேட்பார்கள். அடுத்தவருக்கு என்று சொல்லி, அவர்கள் மாற்றப்போவதையும் அதே தாளில் எழுதச் சொல்லித்தான் கொடுக்கிறேன். தாளின் கீழ்ப்பாதியை அதற்காகவே காலியாக விட்டிருப்பேன்.